எழுபது வளைவுகள்... இரண்டு மோட்டார் சைக்கிள்கள்! உடம்புக்கு ஏற்றது எது?

வல்வில் ஓரி ஆண்ட மலை கொல்லிமலை. இப்போது அதற்கு இன்னொரு புகழும் சேர்ந்திருக்கிறது. அதுதான், 70 கொண்டை ஊசி வளைவு!

நாமக்கல் மாவட்டத்தில், மலையின் அடிவாரத்தில் காரவள்ளி என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து மேலே ஏறும் பாதையில்தான் இந்த 70 வளைவுகளும். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் உண்டு. 10 வரை எண்ணும்போது உற்சாகமாக இருக்கும். 40 வரும்போது, "இன்னும் எத்தனை?" என்று கேட்கத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பாதையைப் பாருங்கள். சேலத்தில் இருந்தும், ஈரோட்டில் இருந்தும், பெங்களூரில் இருந்தும் வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். பெண்களும் வருவது உண்டு.

மேலே எடப்புளி நாடு இருக்கிறது. "நாடு" என்றதும், தனி அரசாங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதியை "நாடு" என்பது வழக்கம். வளவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பல நாடுகள் உண்டு. எடப்புளி நாடும் அவற்றில் ஒன்று.

மிளகும், காப்பியும், வாழையும், பலாவும் விளையும் மலை இது. இங்கே உள்ள பையனுக்கும் பெரிய மோட்டார் சைக்கிள் மீது ஆசை வரத்தான் செய்யும். கீழே உள்ள பையனுக்கும் வரும்.

"அப்பா! அந்த வண்டிதான் வேண்டும்!" என்று போனில் படத்தைக் காட்டுவான்.

வண்டியின் விலை 3 லட்சம் ரூபாய்க்கு மேல்! பாதிக் குடும்பங்களில் அது கடன் பணம். வண்டி வந்து ஒரு மாதம் கழித்து, "இடுப்பு வலிக்கிறது, கை மரத்துப் போகிறது" என்று பையன் சொன்னால், அப்பா என்ன செய்வார்? கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொள்வாரா?

ஆகவே, வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எவ்வளவு வேகம் போகும்?" என்பது அல்ல அது. "இந்த வண்டி என் உடம்புக்குப் பொருந்துமா? நான் போகும் பாதைக்குப் பொருந்துமா?" என்பதுதான்!

இரட்டைப் பிள்ளைகள்

இதை விளக்க, நம் ஊரிலேயே அருமையான ஜோடி ஒன்று இருக்கிறது. ராயல் என்பீல்டு கம்பெனியின் இண்டர்செப்டர் 650, காண்டினென்டல் ஜி.டி. 650 என்ற இரண்டு வண்டிகள். இரண்டும் சென்னைக்குப் பக்கத்தில் தயாராகின்றன. 2017-ம் ஆண்டு நவம்பரில் இத்தாலியில் மிலான் நகரக் கண்காட்சியில் இரண்டையும் முதலில் காட்டினார்கள். 2018-ம் ஆண்டு நவம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன.

இரண்டுக்கும் என்ஜின் ஒன்றே. 648 சி.சி., இரண்டு சிலிண்டர், 47 குதிரை சக்தி, ஆறு கியர். சட்டம் ஒன்றே. சக்கரம் ஒன்றே. பிரேக் ஒன்றே. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

ஆனால் ஒன்றில் உட்கார்ந்துவிட்டு மற்றொன்றில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டும் வேறு வேறு கம்பெனி வண்டியோ என்று தோன்றும்!

வித்தியாசம் எங்கே இருக்கிறது? நம் உடம்பு வண்டியைத் தொடும் இடங்களில் இருக்கிறது. கை பிடிக்கும் ஹேண்டில் பார், உட்காரும் சீட், கால் வைக்கும் மிதி. இந்த மூன்றும்தான். வேண்டுமானால் பெட்ரோல் டாங்கியையும் சேர்த்துக்கொள்ளலாம். அதை முழங்காலால் அணைத்துப் பிடிக்கிறோம் அல்லவா?

இண்டர்செப்டரில் ஹேண்டில் பார் அகலமானது, உயரமானது. ஒரே குழாயாக இருக்கும். அதைப் பிடித்தால் முதுகு நிமிர்ந்திருக்கும். கால் மிதி, அநேகமாக இடுப்புக்கு நேர் கீழே வரும். நாற்காலியில் உட்காருவது மாதிரிதான்.

காண்டினென்டல் ஜி.டி.யில் ஹேண்டில் பார் ஒரே குழாய் அல்ல. இடது பக்கம் ஒரு துண்டு, வலது பக்கம் ஒரு துண்டு. தாழ்வாக இருக்கும். அகலமும் குறைவு. டாங்கி நீளமானது, முழங்கால் பதியக் குழி உண்டு. கால் மிதியைப் பின்னால் தள்ளி, உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் தானாகவே முன்னால் குனிவோம். பந்தயக்காரர் மாதிரி!

பார்க்க எது அழகு? ஜி.டி.தான். அதில் சந்தேகம் இல்லை. படத்தில் வாலிபர்களின் மனதைக் கவருவது அதுதான்.

காப்பிக் கடைப் பந்தயம்

இந்தக் குனிந்த சவாரி எப்படி வந்தது தெரியுமா?

லண்டன் நகரில் வட்டச் சாலை ஒன்றின் ஓரத்தில் ஏஸ் கபே என்ற கடை இருந்தது. 1938-ல் தொடங்கிய கடை. லாரி டிரைவர்களுக்காக ஏற்பட்டது. 1950-களில் மோட்டார் சைக்கிள் வாலிபர்கள் அங்கே கூடினார்கள். கடையில் காசு போட்டால் பாடும் பாட்டுப் பெட்டி இருந்தது. பாட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடி, வண்டியில் பறந்து, பாட்டு முடிவதற்குள் கடைக்குத் திரும்ப வேண்டும். இப்படி ஒரு பந்தயம் நடந்ததாகக் கதை சொல்வார்கள்.

அந்த வாலிபர்கள் ஹேண்டில் பாரைத் தாழ்த்தினார்கள். கால் மிதியைப் பின்னால் தள்ளினார்கள். காற்று மோதாமல் குனிந்து ஓட்டுவதற்காகத்தான்! "கபே ரேசர்" என்ற பெயர் இப்படித்தான் பிறந்தது.

அப்போது ராயல் என்பீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்தது. 1964-ல் 250 சி.சி. காண்டினென்டல் ஜி.டி.யை வெளியிட்டார்கள். விளம்பரத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பிரிட்டனின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு, ஆட்கள் மாறி மாறி, 24 மணி நேரத்துக்குள் ஓட்டிக் காட்டினார்கள்.

அண்ணன் இண்டர்செப்டரின் கதை வேறு. அந்தப் பெயர் 1960-களில் அமெரிக்காவில் விற்ற பெரிய வண்டியுடையது. அங்கே நீண்ட தூரம் போவார்கள். சாவகாசமாக உட்கார வேண்டும். அகலமான ஹேண்டில் பார் அவர்களுக்குப் பிடித்தது.

ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. ஆனால் 1955-லேயே சென்னையில் கம்பெனி ஏற்பட்டுவிட்டதால், பெயர் பிழைத்தது. பழைய இரண்டு பெயர்களும் நம்மிடமே மறுபிறவி எடுத்திருக்கின்றன.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. குனிந்த சவாரி பிறந்தது மலையில் அல்ல. ஓரளவு சமமான, வேகமாகப் போகக்கூடிய ரோட்டில்!

காற்று தாங்கும்!

"குனிந்து ஓட்டினால் கை வலிக்காதா?" என்று கேட்பீர்கள். வேகமாகப் போனால் அவ்வளவாக வலிக்காது. அதற்குக் காரணம் காற்று.

மணிக்கு 90, 100 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று மார்பில் மோதும். குனிந்திருப்பவரின் உடம்பை அது சற்றுத் தூக்கிப் பிடிக்கும். மணிக்கட்டில் விழும் பாரம் குறையும். கண்ணுக்குத் தெரியாத தலையணை ஒன்று மார்புக்குக் கீழே இருப்பது போல!

நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு அதே காற்று சத்துரு. பாய்மரம் மாதிரி அவர் மார்பு காற்றை முழுவதும் வாங்கும். விழாமல் இருக்க ஹேண்டில் பாரை இழுத்துப் பிடிக்க வேண்டும். சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாகப் போனால், இண்டர்செப்டர்காரருக்குத்தான் தோளும் கழுத்தும் வலிக்கும். ஜி.டி.காரர் ஜம்மென்று போவார்.

ஆனால் காரவள்ளியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கதை தலைகீழ்! கொண்டை ஊசி வளைவில் என்ன வேகம் போக முடியும்? 20 கிலோ மீட்டர். மிஞ்சினால் 30. காற்றுத் தலையணை மாயமாக மறைந்துவிடும். குனிந்தவரின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் வந்து இறங்கும்.

ஏறும்போது கழுத்து, இறங்கும்போது கை

கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது எங்கே பார்க்க வேண்டும்? முன் சக்கரத்தை அல்ல. பாதை திரும்பிப் போகும் இடத்தை, அதாவது தோளுக்கு மேலே, பின்பக்கமாகப் பார்க்க வேண்டும். மேலே இருந்து பஸ் வருகிறதா? வாழைத்தார் ஏற்றிய லாரி வருகிறதா? பெரிய வண்டிகள் திரும்பும்போது முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும்.

நிமிர்ந்திருப்பவர் சும்மா தலையைத் திருப்பினால் போதும். குனிந்திருப்பவர் முதலில் கழுத்தைத் தூக்க வேண்டும்; பிறகு திருப்ப வேண்டும். முகம் மூடிய ஹெல்மெட்டின் பின் விளிம்பு முதுகில் இடிக்கும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. 70 தடவை!

திருப்புவதிலும் வித்தியாசம் உண்டு. கடப்பாரை நீளமாக இருந்தால் கல்லைப் புரட்டுவது சுலபம் அல்லவா? ஹேண்டில் பாரும் அப்படித்தான். அகலமாக இருந்தால் சிறிய பலத்தில் திரும்பும். குறுகலாக இருந்தால் அதிக பலம் வேண்டும். மெதுவாகப் போகும் வளைவில் ஹேண்டிலை நிறையத் திருப்ப வேண்டியிருக்கும். அப்போது ஜி.டி.யில் உள்பக்கக் கை, டாங்கிக்கும் தொடைக்கும் அருகே வந்து நெருக்கும். பழகியவர் சமாளிப்பார். புதிதாக ஓட்டுகிறவர் திணறுவார்.

இறங்குவதுதான் இன்னும் கஷ்டம்.

இறக்கத்தில் உடம்பு தானாகவே முன்னால் சரியும். பிரேக் பிடித்தால் இன்னும் சரியும். அதைத் தாங்குவது எது? கைகள்தான். அதே கைகள்தான் கிளட்சையும், முன் பிரேக்கையும் பிடிக்க வேண்டும். வண்டியைத் திருப்பவும் வேண்டும். மூட்டையும் தூக்கிக்கொண்டு பூட்டையும் திற என்று சொன்னால் எப்படி?

20, 30 வளைவு இறங்கியதும் உள்ளங்கை எரியும். பிறகு சுண்டு விரலும், மோதிர விரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்குவதால் இப்படி ஆகிறது. மரத்த விரலால் பிரேக் பிடித்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. இது வெறும் வலி சமாசாரம் அல்ல. உயிர் சமாசாரம்! மலையில் பனி மூட்டமும், ஈர ரோடும் இருக்கும்போது, முன் பிரேக்கைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் போதும். ஏ.பி.எஸ். என்ற பாதுகாப்பு இரண்டு வண்டியிலும் உண்டு. அது சக்கரம் வழுக்காமல் காப்பாற்றப் பார்க்கும். மரத்த கைக்கு அது வைத்தியம் செய்யாது.

இதற்கு ஓர் உபாயம் உண்டு. ஜி.டி. ஓட்டுகிறவர்கள் முழங்காலால் டாங்கியை இறுகப் பிடிக்க வேண்டும். வயிற்றுத் தசையையும் முதுகையும் இறுக்கி, உடம்பைத் தாங்க வேண்டும். கை லேசாக இருக்க வேண்டும். டாங்கியில் உள்ள குழி அழகுக்கு மட்டும் வைத்தது அல்ல. இறங்கும்போது முதல் அல்லது இரண்டாவது கியரில் இருந்தால், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் வேலை பாதி குறையும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மகா ஆபத்து!

உயரம் ஏமாற்றும்

"நான் குள்ளம். எனக்கு எது சரி?" என்று பலர் கேட்பார்கள். உடனே கடைக்காரர் சீட் உயரத்தைச் சொல்வார்.

விற்பனைக்கு வந்தபோது கம்பெனி கொடுத்த கணக்குப்படி, இண்டர்செப்டரின் சீட் சுமார் 80 சென்டி மீட்டர் உயரம். ஜி.டி. அதைவிட ஒரு சென்டி மீட்டர் போலக் குறைவு. நம் தெருவில் ஓடும் ஸ்பிளெண்டர் வண்டியின் சீட் உயரம் எவ்வளவு? அதுவும் சுமார் 78 சென்டி மீட்டர்தான்!

அப்படியானால் ஸ்பிளெண்டர் ஓட்டுகிறவர் எல்லாரும் இவற்றைச் சுலபமாக ஓட்டிவிடலாமா? முடியாது. ஸ்பிளெண்டர் சுமார் 110 கிலோ. இண்டர்செப்டர், பெட்ரோல் ஊற்றாமலே 202 கிலோ. ஜி.டி. 198 கிலோ. ஏறக்குறைய இரண்டு மடங்கு! பெரிய வண்டியின் நடுப்பகுதியும் அகலம். கால் இரண்டும் பக்கவாட்டில் விரியும். விரிந்த கால் தரையைத் தொட, அதிக நீளம் வேண்டும்.

மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. ரோடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வளைவின் நடுவில், எதிரே பஸ் வந்து நிற்க நேர்ந்தால், கால் ஊன்றும் பக்கம் பள்ளமாக இருக்கலாம். சமதரையில் எட்டிய கால் அங்கே எட்டாது. 200 கிலோ வண்டி சாயத் தொடங்கினால், பயில்வானாலும் நிறுத்துவது கஷ்டம். கொண்டை ஊசி வளைவில் வண்டியோடு விழுகிறவர்களில் பலர், வேகத்தால் விழுவது இல்லை, நிற்கும்போது விழுகிறார்கள்.

ஆகவே, உங்கள் கால் அளவை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே, மேலே இடிக்கும் வரை வையுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பில் இருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் கால் நீளம். சீட் உயரத்தைவிட அது மிகவும் குறைவாக இருந்தால், நுனிக் கால்தான் எட்டும். ஷூ போட்டால் கொஞ்சம் கூடும். உட்கார்ந்ததும் வண்டியும் சற்று அமுங்கும். அதற்கு மேல் அதிசயம் எதுவும் நடக்காது.

கையின் நீளமும் முக்கியம். ஜி.டி.யில் உட்கார்ந்ததும் முழங்கை விறைப்பாக நீண்டு நின்றால், அந்த வண்டி உங்களுக்கு நீளம் என்று அர்த்தம். முழங்கை லேசாக மடங்க வேண்டும். 6 அடிக்கு மேல் உயரமானவருக்குத் தொல்லை வேறு இடத்தில். பின்னால், மேலே இருக்கும் மிதியில் கால் வைத்தால் முழங்கால் அதிகமாக மடங்கும். ஒரு மணி நேரத்தில் கடுக்கும். தொப்பை உள்ளவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியது இல்லை. குனிந்த பிறகு டாங்கி பேசும்!

இண்டர்செப்டரிலும் குறை இல்லாமல் இல்லை. நிற்கும்போது காலை ஊன்றினால், கால் மிதி கணுக்காலுக்கு மேலே இடிக்கிறது என்று ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். மெதுவாக உருட்டிக்கொண்டு போகும்போது இது தொந்தரவுதான். சீட்டும் மெத்தென்று இருப்பதால் நீண்ட பிரயாணத்தில் அமுங்கிவிடும்.

ஓசூரிலும் ஒரு ஜோடி

இந்த விஷயம் ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை. ஓசூரில் டி.வி.எஸ். கம்பெனி அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்ற வண்டியை 2017-ம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. முன்னால் காற்றை மறைக்கும் கூடு வைத்த பந்தய ஜாதி வண்டி. 2023-ல் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 வந்தது. அதற்கும் அதே 312 சி.சி. என்ஜின்தான். ஆனால் கூடு கிடையாது. ஹேண்டில் பார் அகலம். இரண்டும் சுமார் 170 கிலோ என்பதால், மலையில் தூக்கி நிறுத்துவது சற்றுச் சுலபம். ஆனால் குனிந்தவருக்கு மணிக்கட்டு, நிமிர்ந்தவருக்கு காற்று. அந்தக் கணக்கு இங்கேயும் மாறாது.

கடையில் என்ன செய்வது?

கடையில் வண்டி மேல் ஒரு நிமிடம் உட்கார்ந்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அது போதாது. பத்து நிமிடம் உட்காருங்கள். வெட்கப்பட வேண்டாம், பணம் கொடுப்பது நீங்கள்! ஹேண்டிலைப் பிடித்தபடி இருங்கள். பிறகு கையை மெல்ல எடுங்கள். உடம்பு முன்னால் விழுந்தால், பாரம் கையில் இருக்கிறது. விழாமல் இருந்தால், இடுப்பு தாங்குகிறது.

பிரேக், கிளட்ச் பிடிகளைச் சற்று மேலும் கீழும் திருப்பி வைக்க முடியும். விரலை நீட்டினால் அவை முன்கைக்கு நேர்கோட்டில் வர வேண்டும். மணிக்கட்டு மேல் நோக்கி மடங்கக் கூடாது. மெக்கானிக்கிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. பின்பக்க ஸ்பிரிங்கையும் ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்பக் கெட்டியாக்கலாம்; தளர்த்தலாம். இதைத் தெரியாமலே வருஷக் கணக்கில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வாரம் ஒரு முறையாவது மலை ஏறி இறங்குகிறவருக்கு இண்டர்செப்டர்தான். நெடுஞ்சாலையில் தனியாகப் பறக்கிறவருக்கு, முதுகு உறுதியான வாலிபருக்கு, ஜி.டி. ஆனந்தமான வண்டி. அவரும் கொல்லிமலைக்கு வரலாம். 20-வது வளைவில் ஒரு முறை, 45-வது வளைவில் ஒரு முறை ஓரமான இடமாகப் பார்த்து நிறுத்தி, கையை உதறிக்கொண்டு போகட்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. அதையும் அவர் மறக்காமல் இருந்தால் நல்லது.

பின்னால் இருப்பவர்?

வண்டி வாங்கும்போது அநேகமாக யாரும் கேட்காத ஆள் ஒருவர் உண்டு. பின் சீட்டில் உட்காருகிறவர்! மனைவியோ, தாயோ, தங்கையோ.

ஜி.டி.யில் ஓட்டுகிறவர் குனிந்திருப்பார். பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள, முன்னால் தோள் இருக்காது. வளைந்த முதுகுதான் இருக்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் அந்த முதுகில் சரிவார். இரண்டு பேர் பாரமும் ஒருவர் மணிக்கட்டுக்கு வரும்! இண்டர்செப்டரில் ஓட்டுகிறவர் நிமிர்ந்திருப்பதால், பின்னால் இருப்பவருக்கும் பிடிமானம் உண்டு. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கத் தடுப்பும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அழகு கெடுகிறது என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். ஹெல்மெட்டும் இரண்டு பேருக்கும் உண்டு.

எடப்புளி நாட்டில் தினமும் மிளகு மூட்டையோ, வாழைத்தாரோ ஏற்றிப் போகிறவருக்கு இந்த இரண்டில் எது? இரண்டும் வேண்டாம். நூறு சி.சி. வண்டியே போதும். நேரான நீளச் சீட், பின்னால் கேரியர், பாதி எடை. சரிவில் சாய்ந்தாலும் ஒரே ஆள் நிமிர்த்திவிடலாம். பெரிய வண்டிக்காரர் 50-வது வளைவில் கையை உதறிக்கொண்டு நிற்கும்போது, அந்த வண்டி மூட்டையோடு அவரைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருக்கும்.